நாலாயிரம் சொல் மடலைக் குழுவுக்கு அப்படியே அனுப்பலாமா?

புதிதாகப் படிப்பவர்களுக்காக, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் உங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு குமிழித்தூம்பு, அதாவது கண்மாய் நீரைத் திறந்துவிடும் பழைய மதகு, இருக்கிறது. அதையும் அதில் வெட்டியுள்ள கல்வெட்டையும் பற்றி நாலாயிரம் சொல்லில் எழுதி வைத்திருக்கிறீர்கள். வரலாற்று ஆர்வலர்கள் சில நூறு பேர் உள்ள ஒரு மின்னஞ்சல் குழுவில் அதைப் போட ஆசை. முன்பு ஒருமுறை இதே போல நீளமாக அனுப்பியபோது ஒருவர் "இவ்வளவு நீளமா, படிக்க நேரமில்லை" என்று எழுதினார். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. நீளமான மடல் அனுப்புவதே மரியாதைக் குறைவா? அனுப்பலாம் என்றால் முழுசாகவா, பகுதி பகுதியாகவா, இணைப்பாகவா? இதுதான் கேள்வி.

அனுப்பலாம். வாட்ஸப்பில் சொல்ல முடியாததைச் சொல்லத்தானே மின்னஞ்சல் குழுக்களை இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம். மடலாடற்குழுக்களில் நீளம் பற்றி வரும் புகார்களைக் கவனித்துப் பார்த்தால், பத்துத் திரை இறங்கிய பிறகும் "இவருக்கு என்னிடமிருந்து என்னதான் வேண்டும்" என்று பிடிபடாத எரிச்சலே அவற்றின் அடியில் இருக்கும். ஆகவே மடலின் முதல் திரையிலேயே நாலு செய்தி வந்துவிட வேண்டும்: இது எதைப் பற்றியது, எவ்வளவு நீளம், யார் படித்தால் பயன், படித்தவர் என்ன செய்ய வேண்டும். இது இருந்தால் நாலாயிரம் சொல்லையும் பொறுத்துக்கொள்வார்கள். இது இல்லாவிட்டால் நானூறு சொல்லே கனக்கும். மற்ற விதிகள் எல்லாம் இதற்கு அடுத்த வரிசைதான்.

இந்த நாகரிகம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாமல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். 1995 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் வெளியானது. இணைய நடத்தைக்கான வழிகாட்டி அது. நூறு வரியைத் தாண்டினால் நீண்ட மடல் என்று கொள்ளலாம், பொருள் வரியிலேயே (சப்ஜெக்ட்) 'நீண்டது' என்று குறித்துவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு வரி 65 எழுத்துக்குள் இருக்கட்டும், கையொப்பம் நாலு வரியைத் தாண்ட வேண்டாம், 50 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அனுப்பாதீர்கள் என்றும் இருக்கிறது. பலர் இணையத் தொடர்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டுகிறார்கள், உங்கள் மடல் நீள நீள அவர்கள் செலவும் ஏறும் என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். இந்தியாவில் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியதும் அதே 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதிதான். நொடிக்கு 9,600 பிட் வேகமுள்ள மோடத்தில் ஒரு 50 கே.பி. மடல் இறங்க முக்கால் நிமிடம் ஆகும். எத்தனை பேர் குழுவில் இருந்தார்களோ அத்தனை முக்கால் நிமிடம், அத்தனை பேரின் தொலைபேசிக் கட்டணம்.

அந்தச் செலவு இன்று இல்லை. 65 எழுத்து வரியை யாரும் எண்ண வேண்டியதில்லை; கைப்பேசித் திரையே வரியை மடித்துக்கொள்ளும், நீங்கள் கையால் மடித்தால்தான் அசிங்கமாக உடையும். ஆனால் 'நீண்டது' என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கத்தை மட்டும் நான் விட மாட்டேன். பேருந்தில் நின்றுகொண்டு திறக்கிறவர், இதை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்கலாம் என்று அங்கேயே முடிவு செய்ய அது ஒன்று போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. பலருக்கு இது தெரியாது, தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, ஆக 15 பைட். மடலாகக் கிளம்பும்போது பேஸ்64 என்ற வடிவத்துக்கு மாறினால் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் அது 20 ஆகும். கோட்டட் பிரிண்டபிள் என்ற வேறொரு முறையில் மாற்றும் மென்பொருளாக இருந்தால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி 45-க்குப் போய்விடும். ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் தோராயமாக எட்டு ஒன்பது குறி என்று வைத்தால் உங்கள் நாலாயிரம் சொல் சுமார் 100 கே.பி.; பேஸ்64-இல் 130, 140. வண்ணம், தடித்த எழுத்து எல்லாம் சேர்த்து அனுப்பினால் பல அஞ்சல் மென்பொருள்கள் வெறும் உரையாக ஒரு பிரதியும் வடிவமைப்போடு கூடிய ஹெச்.டி.எம்.எல். ஆக ஒரு பிரதியும் சேர்த்தே அனுப்பும். அப்போது இன்னும் ஒரு மடங்கு.

இது ஏன் முக்கியம்? மெயில்மேன் என்ற குழு மென்பொருளில் ஒரு மடலுக்கு இயல்பாக வைத்திருக்கும் உச்ச அளவு 40 கே.பி. அதைத் தாண்டினால் மடல் குழுவுக்குப் போகாமல் மட்டுறுத்துநரின் (குழுவை மேற்பார்க்கிறவர்) ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். ஆங்கிலத்தில் ஆறாயிரம் சொல் வரை தாராளமாகப் போகிற அந்த அளவில், தமிழில் ஆயிரத்துச் சொச்சம் சொல்லிலேயே தடுப்பு விழுந்துவிடலாம். "என் மடலை வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள்" என்று கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனவர்கள் உண்டு. நிறுத்தியது பாவம் ஒரு எண். அடுத்தது ஜிமெயில். ஒரு மடல் 102 கே.பி.யைத் தாண்டினால் அங்கேயே வெட்டிவிட்டு, முழு மடலையும் பார்க்க ஒரு சுட்டியைக் கீழே வைக்கும். பாதிப் பேர் அதை அழுத்த மாட்டார்கள். மடல் முடிந்துவிட்டது என்றே நினைப்பார்கள். உங்கள் கட்டுரை சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. முடிவுரையில் உங்கள் முக்கியமான கேள்வியை வைத்திருந்தால் அது வெட்டுக்கு அந்தப்பக்கம் போயிருக்கும். சென்ற முறை யாரும் பதில் சொல்லாததற்கு இதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, முதல் திரைக்கு வருவோம். இங்கேதான் உங்கள் உழைப்பு அதிகம் வேண்டும். நம் எழுத்துப் பழக்கம் இதற்கு நேர் எதிர். வணக்கம், குழுவின் சிறப்பு, தன்னடக்கம், 'பிழை இருந்தால் பொறுத்தருள்க', அப்புறம் ஊர்ப் பெருமை, தாத்தா சொன்ன கதை. கடைசிப் பத்தியில் கொஞ்சம் கூச்சத்தோடு கேள்வி. நேரில் பேசும்போது இது அழகு. எடுத்த எடுப்பில் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனமாகிவிடுமோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் முந்நூறு பேர் படிக்கும் மடலில் கேள்வியை மேலே வைப்பதுதான் மரியாதை. உங்கள் மடலை நான் எழுதினால் பொருள் வரியை இப்படி வைப்பேன்: "[நீண்ட மடல்] குமிழித்தூம்புக் கல்வெட்டு: ஆறாம் வரியில் ஒரு சொல் பிடிபடவில்லை". 'ஒரு வேண்டுகோள்', 'அரிய தகவல்', 'எங்கள் ஊர்ப் பெருமை' போன்ற தலைப்புகள் வேண்டாம். இரண்டு வருடம் கழித்து நீங்களே தேடினாலும் அவை அகப்படாது.

மடலின் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள நண்பர்களுக்கு, எங்கள் ஊர்க் கண்மாயின் குமிழித்தூம்பில் ஒன்பது வரிக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதன் வாசிப்பும், தூம்பு வேலை செய்த விதம் பற்றிய என் கருத்தும் கீழே. மொத்தம் நாலாயிரம் சொல். படிக்க அரை மணி ஆகலாம். கல்வெட்டு வாசிப்பில் பழக்கம் உள்ளவர்கள் முதல் பகுதியை மட்டும் பார்த்து, ஆறாம் வரியில் சிதைந்துள்ள சொல் என்னவாக இருக்கலாம் என்று சொன்னால் பெரிய உதவி. பாசனத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மூன்றாம் பகுதி. இரண்டாம் பகுதி ஊர் வரலாறு. நேரமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்."

இதில் மிக வேலை செய்யும் சொற்கள் 'தாண்டிப் போகலாம்'. எழுதியவரே இப்படி அனுமதி கொடுத்துவிட்டால் படிக்கிறவருக்கு ஒரு நிம்மதி. நிம்மதியாக இருக்கிறவர் பெரும்பாலும் தாண்டாமலே படித்துவிடுவார். இன்னொன்று, கேள்வி எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு விரைவில் பதில் வரும். "அனைவரும் கருத்துச் சொல்லவும்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "ஆறாம் வரியில் ஒரு சொல்" என்றால் அந்தத் துறையில் ஊறிய ஒருவருக்குக் கை பரபரக்கும்.

பகுதி பகுதியாக அனுப்புவது பற்றிக் கேட்டீர்கள். இதில் நல்ல பழக்கத்தைக் கற்க வேண்டுமானால் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலை எழுதும் நிரலர்களிடம் போக வேண்டும். உலகின் மிகப் பெரிய மென்பொருள் முயற்சிகளில் ஒன்றான அதை இன்றும் மின்னஞ்சல் குழுக்களில்தான் விவாதித்துக் கட்டுகிறார்கள். ஒரு பெரிய மாற்றத்தை அனுப்ப வேண்டுமானால் அதைத் தனித்தனியாகப் புரிந்துகொள்ளக்கூடிய துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் பொருள் வரியிலும் 1/7, 2/7 என்று எண் இருக்க வேண்டும். இவற்றுக்கு முன்னால் 0/7 என்று ஒரு முகப்பு மடல் போகும். மொத்தமாக என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம், எதற்குப் பிறகு எது என்று அதில் இருக்கும். துண்டுகள் எல்லாம் அந்த முகப்பு மடலுக்கு மறுமொழியாகப் போவதால் ஒரே இழையில், அதாவது ஒரே உரையாடல் தொடராக, கட்டுண்டு கிடக்கும். பெரிய தொகுப்பாக இருந்தால் ஒரு நேரத்தில் சுமார் 15 துண்டுக்கு மேல் அனுப்பாதீர்கள், அவற்றை மற்றவர்கள் பார்த்து முடிக்கும்வரை பொறுங்கள் என்று அவர்கள் ஆவணத்திலேயே இருக்கிறது. வெறும் உரையாக மட்டும் அனுப்பு, இணைப்பாக அனுப்பாதே என்பதும் அங்கே கறாரான விதி. ஏனென்றால் படிக்கிறவர் வரிக்கு வரி மேற்கோள் காட்டிப் பதில் எழுத முடிய வேண்டும்.

இதில் நமக்கு எடுத்துக்கொள்ளக் கூடியது முகப்பு மடலும் எண்ணும் ஒரே இழையும். ஆனால் எல்லாவற்றையும் பிரிக்க முடியாது. ஒரு வாதம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றைப் பிடித்து ஒன்று ஏறிப் போகிறது என்றால் அதை ஐந்தாக வெட்டினால் ஐந்து இடத்தில் தவறாகப் புரிந்துகொள்வார்கள். இரண்டாம் பகுதி வருவதற்குள் முதல் பகுதிக்கு மறுப்பு வந்துவிடும். "அதற்கான விடை நாலாம் பகுதியில் வருகிறது" என்று நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். உங்கள் கட்டுரை அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. கல்வெட்டு வாசிப்பு தனி, ஊர் வரலாறு தனி, தூம்பின் இயக்கம் தனி. மூன்றாகப் பிரித்து, மூன்று நாலு நாள் இடைவெளியில் அனுப்பலாம். கடைசிப் பகுதியை எழுதி முடிக்காமல் முதல் பகுதியை அனுப்பாதீர்கள். 'தொடரும்' என்று போட்டுவிட்டுத் தொடராமல் போன மடல்கள் தமிழ்க் குழுக்களின் காப்பகங்களில் ஏராளம். இன்னொரு பக்கம், ஐந்து பகுதியையும் ஐந்து நிமிடத்தில் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு ஒரே நீண்ட மடலே மேல். அஞ்சல் பெட்டியில் ஓர் இடத்தைத்தான் அடைக்கும்.

இணைப்பு எனக்குப் பிடிக்காது. காரணம் பல. நிறையக் குழுக்களில் இணைப்பைக் கழற்றிவிட்டு மடலை மட்டும் விநியோகிப்பார்கள். அனுப்பியவருக்கு அது தெரியவும் தெரியாது. வேர்டு கோப்பைக் கைப்பேசியில் திறப்பது இன்றும் ஒரு தொல்லை. இணைப்பின் உள்ளே இருப்பதைக் குழுக் காப்பகத்தின் தேடலில் பிடிப்பதும் சிரமம். பழைய தமிழ் எழுத்துருக் கோப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்பு திஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் எழுதியவை இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். (திஸ்கியையே 1990களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுவில் மாதக்கணக்காக விவாதித்துத்தான் வகுத்தார்கள். தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்க 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஒருவரையொருவர் நேரில் பார்க்காத தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் வேலையைப் பகிர்ந்துகொண்டு நடத்தியதுதான். நீண்ட, கனமான மடல்கள் நமக்குப் புதிது இல்லை.)

அப்படியானால் எங்காவது ஏற்றிவிட்டுச் சுட்டி மட்டும் கொடுக்கலாமே? வெறும் சுட்டியை அனுப்புவதும் சரியில்லை. "என் புதிய கட்டுரை, சொடுக்கவும்" என்ற ஒற்றை வரி மடல் குழுவை விளம்பரப் பலகையாக்கிவிடும். மேலும் சுட்டிகளுக்கு ஆயுள் குறைவு. மரத்தடி, ராயர் காபி கிளப், அகத்தியர் என்று ஒரு காலத்தில் தமிழ் எழுத்து கொழித்த குழுக்கள் யாகூ குழுமங்களில் இருந்தன. 2019 அக்டோபரில் யாகூ அறிவிப்பு விட்டது; அந்த டிசம்பர் முதல் தளத்தில் சேமித்திருந்த மடல்களையும் கோப்புகளையும் நீக்கத் தொடங்கியது; 2020 டிசம்பர் 15 அன்று சேவையையே மூடிவிட்டது. அந்த மடல்களுக்குச் சுட்டி கொடுத்து எழுதியவை எல்லாம் இப்போது வெறுஞ்சுவரைக் காட்டுகின்றன. ஆனால் உறுப்பினர்களின் சொந்த அஞ்சல் பெட்டியில் போய்ச் சேர்ந்த மடல்கள் தப்பின. ஆகவே என் யோசனை இது: கல்வெட்டு வாசகமும் உங்கள் கேள்வியும் முக்கிய வாதமும் மடலின் உடம்பிலேயே இருக்கட்டும், ஆயிரம் சொல்லுக்குள். ஊர் வரலாறு, தூம்பின் அளவுகள், ஒளிப்படங்கள், முழுக் கட்டுரை எல்லாவற்றையும் ஒரு பி.டி.எஃப். ஆகவோ வலைப்பக்கமாகவோ ஏற்றிச் சுட்டி கொடுங்கள். சுட்டி செத்தாலும் மடல் தனியாக நிற்க வேண்டும். உங்கள் கணினியில் ஒரு பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு என்பதால் ஒரு வார்த்தை. படத்தை மட்டும் அனுப்பாமல் வாசகத்தையும் வரி எண்ணோடு தட்டச்சு செய்து போடுங்கள். அப்போதுதான் யாராவது "6-ஆம் வரி, மூன்றாவது சொல்" என்று விரல் வைத்துப் பேச முடியும். சிதைந்த இடத்தைப் புள்ளிகளாலும், நீங்கள் ஊகித்த எழுத்தைப் பகர அடைப்பிலும் காட்டுங்கள். படம் 200, 300 கே.பி. அளவில் சுட்டியாக இருக்கட்டும். கேமராவிலிருந்து வந்த எட்டு எம்.பி. படம் யாருக்கும் வேண்டாம், கேட்டால் தனியாக அனுப்பலாம்.

வடிவமைப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி விடுங்கள். சிவப்பு, நீலம், பெரிய எழுத்து எதுவும் வேண்டாம். வேர்டிலிருந்து ஒட்டினால் கூடவே வரும் வடிவமைப்புக் குப்பையை நீக்க, வெறும் உரையாக ஒட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். மடலின் எடையும் குறையும். கையொப்பத்தில் பட்டங்கள், பதவிகள், நாலு தொலைபேசி எண், ஒரு திருக்குறள் எல்லாம் சேர்ந்தால் சில சமயம் அதுவே மடலைவிட நீளமாகிவிடுகிறது. திருக்குறளை விட்டுவிடச் சொன்னால் கோபம் வரும், எனவே மற்றதைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி, நீண்ட மடலுக்குப் பதில் எழுதுகிறவர்கள் பக்கம். உண்மையில் குழுக்களைத் திணறடிப்பது நீண்ட மடல்களைவிட அவற்றுக்கு வரும் பதில்கள்தான். நாலாயிரம் சொல் மடலுக்கு ஒருவர் "அருமை ஐயா, வாழ்த்துகள்" என்று எழுதி அனுப்புவார். அவர் திரையில் அவ்வளவுதான் தெரியும். ஆனால் அடியில் பழைய நாலாயிரம் சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜிமெயில் அதை மூன்று புள்ளிக்குப் பின்னால் மறைத்துவிடுவதால் தான் எவ்வளவு பாரத்தை அனுப்புகிறோம் என்று அவருக்கே தெரியாது. அடுத்தவர் "வழிமொழிகிறேன்" என்பார், இப்போது மூலத்தோடு முதல் வாழ்த்தும் சேர்ந்து போகும். தினத் திரட்டாக, அதாவது பல மடல்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே மடலாக, பெறுகிறவர்களின் கதி இன்னும் மோசம். மறைக்கும் வசதி அங்கே இல்லாததால் ஒரே கட்டுரை ஏழெட்டு முறை வரிசையாக அச்சாகி வரும். மெயில்மேனில் திரட்டு 30 கே.பி. சேர்ந்ததும் கிளம்பும்படி இயல்பாக அமைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட ஒரு வாழ்த்து மடலே ஒரு முழுத் திரட்டாகப் போய்விடும்.

எனவே பதில் எழுதும்போது மேற்கோளை வெட்டுங்கள். எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த ஒன்றிரண்டு வரியை மட்டும் வைத்து, அதன் கீழே உங்கள் பேச்சு. முழு மூலத்தையும் சேர்க்காதீர்கள், சூழல் புரியும் அளவுக்கு மட்டும் வையுங்கள் என்று ஆர்.எஃப்.சி. 1855-இலும் இருக்கிறது, மின்னஞ்சல் மென்பொருள்கள்தான் இந்தப் பழக்கத்தை நம்மிடமிருந்து பறித்துவிட்டன. வாழ்த்து மட்டும் சொல்ல வேண்டுமானால் எழுதியவருக்குத் தனிமடல் போடுங்கள். அவருக்கும் அது இன்னும் இனிக்கும்.

மறுத்து எழுதும்போது வேறொரு கவனம் வேண்டும். நீண்ட மடலை வரிக்கு வரி பிரித்து ஒவ்வொன்றின் கீழும் மறுப்பு எழுதுவது நிரலர் குழுக்களில் சாதாரணம். நம் குழுக்களில், அதுவும் வயதில் மூத்த ஒருவர் எழுதியதற்கு இப்படிச் செய்தால், பரீட்சைத் தாள் திருத்தியது போல ஆகிவிடும். சொன்ன கருத்து காணாமல் போய் மனத்தாங்கல் மட்டும் மிஞ்சும். முக்கியமான இரண்டு இடத்தை எடுத்து, உங்கள் சான்றோடு, பத்தி வடிவில் பதில் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைச் சுட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் குழுவுக்கு எழுதவே வேண்டாம். கோபத்தில் எழுதிய பதில் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். உணர்ச்சிவசப்பட்டு எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து அனுப்பு என்பதும் அந்தப் பழைய ஆவணத்தின் அறிவுரைதான். காலையில் பார்த்தால் கால்வாசி போதும் என்று தோன்றும்.

அனுப்பும் முன் இன்னும் சில சில்லறை விஷயங்கள். குழுவின் காப்பகத்தைத் தேடிப் பாருங்கள்; குமிழித்தூம்பு பற்றி ஏற்கெனவே ஓர் இழை இருந்தால் அதைச் சுட்டிவிட்டுத் தொடங்குவது நல்ல பெயரைத் தரும். அளவு சந்தேகமாக இருந்தால் மட்டுறுத்துநருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள், அவர்களுக்கு இப்படிக் கேட்கிறவர்களைக் கண்டால் மிகவும் பிடிக்கும். ஒரே நேரத்தில் நாலு குழுக்களுக்கு ஒரே மடலை அனுப்ப வேண்டாம்: இரண்டு குழுவிலும் இருப்பவருக்கு இரண்டு பிரதி, பதில்கள் நாலு இடத்தில் சிதறும், ஒரு குழுவில் இல்லாதவர் அனைவருக்கும் என்று பதில் போட்டால் அது திரும்பி வந்து விழும். வேறொருவர் கட்டுரையை நீளமாக ஒட்டி அனுப்புவது நீளப் பிரச்சினை மட்டும் இல்லை, உரிமைப் பிரச்சினையும்கூட. நாலு வரி மேற்கோளும் மூலத்தின் பெயரும் போதும்.

அனுப்பிய பிறகு வரும் மௌனத்தைப் பற்றி. நீண்ட மடலுக்கு முதல் இரண்டு மூன்று நாள் பதில் வராதது இயல்பு. நன்றாகப் பதில் சொல்லக் கூடியவர்தான் நேரம் கிடைக்கட்டும் என்று எடுத்து வைப்பார். உடனே பதில் போடுகிறவர் பெரும்பாலும் படிக்காதவர். எனவே மறுநாளே "யாரும் படிக்கவில்லையா?" என்று கேட்க வேண்டாம், அதே மடலை மறுபடி அனுப்பவும் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்து, அதே இழையில் ஐந்து வரிக்குள் ஒரு மடல் போடலாம்: "ஆறாம் வரியில் சிதைந்த சொல்லின் முதல் எழுத்து மட்டும் தெளிவாக இருக்கிறது. தூம்பு, மடை தொடர்பான கல்வெட்டுகளில் இந்த இடத்தில் பொதுவாக என்ன சொல் வரும்?" நீண்ட மடலைத் திறக்காதவர்கள்கூட இதற்குப் பதில் சொல்வார்கள். சொல்லிவிட்டு மேலே போய் மூலத்தையும் படிப்பார்கள்.

பதில்கள் வந்த பிறகு ஒரு தொகுப்பு மடல் எழுதுவது உங்கள் கடமை. குழுவில் வந்தவற்றோடு, தனிமடலில் வந்தவற்றையும் எழுதியவரிடம் அனுமதி கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பதில்களையும் அப்படியே ஒட்டி அனுப்பினால் அது தொகுப்பு ஆகாது. யார் என்ன வாசிப்பைச் சொன்னார், எது கல்லோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று உங்கள் சொல்லில் ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். சொல் பிடிபடாமலே போனாலும் "மூன்று யோசனைகள் வந்தன, ஆறாம் வரி இன்னும் தீரவில்லை" என்று எழுதுங்கள். அதைப் பழைய இழையிலேயே போடுங்கள். பொருள் வரியின் முன்னால் இருக்கும் '[நீண்ட மடல்]' என்பதை எடுத்துவிட்டு '[தொகுப்பு]' என்று மாற்றினால் போதும். ஆனால் சில அஞ்சல் மென்பொருள்கள் பொருள் வரி மாறினால் அதைப் புது இழையாகப் பிரித்துவிடும் என்பதால், மடலின் முதல் வரியில் மூல மடலின் தேதியையும் குறிப்பிட்டுவிடுங்கள்.